ஒன்பதாம் துளை குடித்த எட்டு லிட்டர்

ஒரு துளி கரையான் மருந்தும் ஓரம் சிந்தாத கைகளுக்குச் சொந்தக்காரரான அவைத்தலைவர் அவர்களே! தரையைத் தட்டிப் பார்த்தே அடியில் இருப்பது மண்ணா, மரமா, வெறும் பொந்தா என்று சொல்லிவிடும் மூத்தவர்களே! வேலை முடிந்து வருகிறவரின் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்து, தனிக் கொடியில் உலரவைத்து, பிள்ளை ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொள்ளும் முன்பே "மொதல்ல குளிச்சிட்டு வாங்க" என்று குறுக்கே நிற்கும் தாய்மார்களே! துளை போடும் தோழர்களே! தெளிப்பான் சுமந்து தழும்பேறிய தோள்களே! பம்பருகில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் என் இனமே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்ன அண்ணா? கடைசி வரிசையில் கையை ஆட்டுகிறீர்களே? கேட்கவில்லையா?

இதோ, ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். இப்போது? கேட்கிறதா? நன்றி அண்ணா. "கேக்கல" என்று நீங்கள் கத்தியது நல்லதாய்ப் போயிற்று. ஏனென்றால் நான் சொல்ல வந்ததே அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். படிப்பு வராமல் விட்டவள் இல்லை. குரல் வராமல் விட்டவள். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஆசிரியர் பெயர் படிப்பார். என் முறை வரும். "உள்ளேன் ஐயா" என்று இரண்டே சொல். அது தொண்டைவரை வரும், உதடுவரை வராது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே வரவில்லை என்று எழுதப்பட்ட நாட்கள் எனக்கு உண்டு! இருந்தும் இல்லாதவளாக இருப்பது எப்படி என்று நான் பள்ளியில் படித்தேன். அந்தப் பாடத்தில் மட்டும் எனக்கு நூற்றுக்கு நூறு.

பிறகு தாய்மாமாவோடு வேலைக்கு வந்தேன். அவர் உரிமம் பெற்ற மருந்தாளர்; கரையான் மருந்தில் கை தேர்ந்தவர். எனக்குக் கொடுத்த வேலை பம்பைப் பார்த்துக்கொள்வது. மருந்துத் தொட்டியின் அளவுக்கோட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளையும் எத்தனை லிட்டர் வாங்கியது என்று துளைக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுத வேண்டும். பேச வேண்டியதே இல்லை. இதைவிட நல்ல வேலை எனக்கு எங்கே கிடைக்கும்? குழுவில் எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். நான் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டால் பேச வேண்டி வருமே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

இன்று இந்த அவையில் ஒரு தீர்மானம் வாக்குக்கு வருகிறது. பம்பைப் பார்த்துக்கொள்பவர், வயது எதுவானாலும் அனுபவம் எதுவானாலும், யாரையும் கேட்காமல் பம்பை நிறுத்தலாம் என்பது அந்தத் தீர்மானம். ஒரே ஒரு வரி. அதற்குத்தான் காலையில் தேநீர் மேசையில் எத்தனை சத்தம்! "நண்டு சிண்டெல்லாம் பம்ப நிறுத்துனா நாம எப்ப வேலைய முடிக்கிறது?" என்று ஓர் அண்ணன் கேட்டார். அண்ணா, அந்த நண்டு சிண்டில் ஒன்று இதோ உங்கள் முன்னால் நிற்கிறது. அது சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு கையைத் தூக்குங்கள், அல்லது மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நாங்கள் போனது புத்தகம் தைத்து அட்டை ஒட்டும் ஒரு பட்டறைக்கு. காகிதம் இருக்கும் இடத்தில் கரையானுக்குக் கல்யாணச் சாப்பாடு. கட்டி அடுக்கிய தாள்களைத் தூக்கினால் அடித்தாள் அப்படியே மாவாகக் கொட்டியது. பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் கரையானின் மண் வரிகள் மேலே ஏறியிருந்தன. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகம். அம்மா அப்பா வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற சின்னஞ்சிறு பிள்ளைகள். நாங்கள் உள்ளே போனபோது அவர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். மதியம் சாப்பாடு ஆனதும் பாட்டு நின்றது. தூங்க வைத்துவிட்டார்கள்.

மாமா அவசரக்காரர் இல்லை. அதை நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஆட்களை வெளியே அனுப்பினார். எச்சரிக்கைப் பலகையை வைத்தார். லேபிளை வரி விடாமல் படித்தார். முகமூடி, கையுறை, காதுமூடி எல்லாவற்றையும் எங்களுக்கு மாட்டிவிட்டு, தானும் மாட்டிக்கொண்டார். துளை போடும் முன்னால் பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியதையும் கேட்டார்.

"தரைக்குக் கீழ தண்ணித் தொட்டி இருக்கா?"

"இல்லீங்க. எங்க தொட்டி மாடியிலதான்."

"கிணறு? குழாய்?"

"ஒண்ணும் கிடையாதுங்க. தைரியமா ஓட்ட போடுங்க."

கேள்வி சரி. பதிலும் உண்மை. பொய் சொன்னவர் யாரும் இல்லை. கேட்காமல் விட்டவரும் யாரும் இல்லை. ஆனாலும் தப்பு நடந்தது. எப்படி?

அவையோரே! அந்தப் பட்டறையும் காப்பகமும் ஒரு காலத்தில் ஒரே வீடு. பின்னாளில் நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். சுவர் தரைக்கு மேலேதான் பிரித்தது. தரைக்குக் கீழே இருந்த பழைய தண்ணீர்த் தொட்டி பிரியவில்லை. அது காப்பகத்தின் தொட்டி. ஆனால் அதன் ஒரு முனை சுவரின் அடியில் புகுந்து, எங்கள் பக்கம் இரண்டடி நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன் வாயும் மூடியும் அந்தப் பக்கம். எங்கள் பக்கம் தெரிந்தது வெறும் சிமென்ட் தரை. உங்களில் யார் கண்டிருப்பீர்கள்? பக்கத்து வீட்டுத் தொட்டி நம் காலடியில் இருக்கும் என்று உங்களில் யார் கேட்டிருப்பீர்கள்?

துளை போட்டோம். அடிக்கு ஒரு துளை. ஒரு துளைக்கு ஒரு லிட்டர், மிஞ்சினால் ஒன்றரை. உள்ளே மண் ஊறி நிறைந்ததும் மருந்து எதிர்த்து மேலே வரும்; அடுத்த துளைக்கு நகர்வோம். முதல் துளை ஒன்று. இரண்டாவது ஒன்றேகால். மூன்றாவது ஒன்று. எட்டுத் துளை வரை சுவரில் என் சாக்பீஸ் கணக்கு ஒழுங்காகப் போனது.

ஒன்பதாவது துளையில் டிரில் சட்டென்று இறங்கியது. டிரில் பிடித்த அண்ணன் தடுமாறி முன்னால் சாய்ந்தார்.

"மாமோய், கீழ ஒண்ணுமே இல்ல, தொபுக்குன்னு போயிடுச்சு!"

மாமாவின் கண் முகமூடிக்கு மேலே மலர்ந்தது. "கூடுடா! பெருங்கூடு! விடு, வயிறு முட்டக் குடிக்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னார்? உங்களுக்குத் தெரியும். தாகமெடுத்த துளைக்கதை இல்லாத மருந்தாளர் இந்த மண்டபத்தில் உண்டா? மாமாவிடமும் ஒன்று உண்டு. எப்போதோ ஒரு வீட்டில் ஒரு துளை இருபத்திரண்டு லிட்டர் குடித்தது; தரையைத் தோண்டிப் பார்த்தால் ஆள் உட்காரும் அளவுக்குக் கரையான் கூடு. அந்தக் கதையை அவர் சொல்லாத விருந்து இல்லை, நாங்கள் கேட்காத வாரம் இல்லை. ஒரு முறை பலித்த கதை மறு முறை நம் கண்ணைக் கட்டிவிடுகிறது. அதிகம் குடிக்கிற துளையைப் பார்த்தால் நாம் பயப்படுவதில்லை. மகிழ்ச்சி அடைகிறோம்! இது வேறு எந்தத் தொழிலிலும் நடக்காத தப்பு. நம் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு.

பம்ப் ஓடியது. மாமா எனக்கு முதுகைக் காட்டி, துளையில் மருந்து பாய்ச்சும் கம்பியைச் செருகிப் பிடித்திருந்தார். டிரில் அண்ணன் கொஞ்சம் தள்ளி அடுத்த துளையை ஆரம்பித்துவிட்டார். நான் அளவுக்கோட்டைப் பார்த்தேன். நான்கு லிட்டர். எதிர்த்து வரவில்லை. ஏழு. வரவில்லை. பத்து. வரவில்லை.

என் காதுமூடி நழுவிக்கொண்டே இருந்தது. சரிசெய்யலாம் என்று எடுத்தேன். அதே நொடியில் டிரில் நின்றது. அப்போது கேட்டேன்.

தண்ணீரில் தண்ணீர் விழும் சத்தம்!

மண்ணில் மருந்து ஊறினால் சத்தம் வராது. கூட்டில் இறங்கினாலும் வராது. இது ஆழத்தில் விழுந்து, சுவரில் மோதி, திரும்பி வருகிற சத்தம். நிறைந்த தொட்டிக்குள் குழாயைத் திறந்துவிட்டால் கேட்கிற அதே சத்தம். அளவுக்கோட்டைப் பார்த்தேன். பதினொன்று.

"மாமா" என்றேன். டிரில் மறுபடி கத்த ஆரம்பித்துவிட்டது. "மாமா" என்றேன். என் வாயில் முகமூடி. அவர் காதில் மூடி. மூன்றாவது முறை "மாமா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

எழுந்து போய்த் தொட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள்! பம்ப் ஓடும்போது அதன் பக்கத்தை விட்டு எழக்கூடாது என்பது எங்கள் குழுவின் கட்டளை. சரி, கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான் இருந்ததே, அழுத்தியிருக்கலாமே? அழுத்தியிருக்கலாம்! ஆனால் மாமாவைத் தவிர அந்தப் பொத்தானை யாரும் தொடக்கூடாது. அதற்கும் காரணம் உண்டு. பம்ப் நின்றாலும் குழாயில் அழுத்தம் நிற்பதில்லை. தெரியாமல் கம்பியை உருவினால் முகத்தில் பீய்ச்சும். எல்லாக் கட்டளைக்கும் காரணம் இருந்தது. கட்டளைகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். கட்டளைகளுக்குக் கீழே தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு.

என் தப்பாக இருந்தால்? பதின்மூன்று. எல்லோர் முன்னாலும் சிரிப்பார்களே? பதினான்கு. எனக்கென்ன தெரியும், நான் எட்டாம் வகுப்பு. பதினைந்து. மாமாவுக்குத் தெரியாதா? பதினாறு. இன்னும் ஒரு லிட்டர் பார்ப்போம். பதினேழு. பதினெட்டு.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓட ஆரம்பித்தது.

மோட்டார் என்றால் என்ன? தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்கிறார்கள். தொட்டி என்றால் எந்தத் தொட்டி? தண்ணீர் என்றால் யாருக்கு?

பொத்தானை அழுத்தினேன். பத்தொன்பது.

பம்ப் நின்றது. அடைப்பு என்று நினைத்து மாமா கம்பியை உருவினார். குழாயில் இருந்த மருந்து அவர் கழுத்தில் பீய்ச்சியது. திரும்பினார். காதுமூடியைப் பிய்த்து எறிந்தார்.

"எவடி உன்ன தொடச் சொன்னா? கண்ணுல பட்டிருந்தா என்னாகும் தெரியுமா? ஊமைக்கோட்டான், ஊமைக்கோட்டானாவே இருக்க வேண்டியதுதானே!"

பதில் சொல்ல வாய் வரவில்லை. கை வந்தது. எழுந்து போய் ஒன்பதாவது துளைக்கு மேலே பத்தொன்பது என்று எழுதினேன். அதன் அடியில் இரண்டு கோடு போட்டேன். பிறகு துளையைக் காட்டினேன், சுவரைக் காட்டினேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா குனிந்து துளையில் காதை வைத்தார். கம்பி நுனியிலிருந்து சொட்டிய ஒரு சொட்டு உள்ளே போய் விழுந்தது. அந்த ஒரு சொட்டின் சத்தம் போதுமானதாக இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர், அவையோரே, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ... பசங்க..." என்றார். எழுந்து வாசலுக்கு ஓடியவர் அங்கேயே நின்றுவிட்டார். கழுத்து முதல் இடுப்பு வரை மருந்து நனைந்த உடுப்பு. அதோடு பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்துக்குள் கால் வைக்கலாமா? டிரில் அண்ணன் அதற்குள் சோப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் உடம்பெல்லாம் துளைத்த தூசி. மாமாவைக் கழுவிவிடவும் ஆள் வேண்டும். மாமா என்னைப் பார்த்தார்.

"நீதான் போகணும். போய்ச் சொல்லு. தண்ணியத் தொடாதீங்கன்னு சொல்லு. போ கண்ணு, ஓடு!"

உலகத்தில் வேறு ஆளே இல்லையா? பேசத் தெரியாத ஒருத்தியைத்தானா பேச அனுப்ப வேண்டும்?

கையுறையைக் கழற்றினேன். மேலங்கியைக் கழற்றினேன். பூட்ஸை வாசலிலேயே விட்டேன். வெறுங்காலோடு ஓடினேன். காப்பகத்துக் கதவைத் திறந்தால் இருட்டடித்த கூடம். பாயில் வரிசையாகப் பிள்ளைகள். சமையல் மேடையில் பெரிய தட்டு. தட்டில் இருபத்தொரு சின்ன எவர்சில்வர் டம்ளர். பிள்ளைகள் எழுந்ததும் குடிக்க எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. அங்கிருந்த டீச்சர் உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்! புள்ளைங்க தூங்குது. யாரும்மா நீ? என்ன வேணும்?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"என்னம்மா, பேச வராதா? வெளிய இரு, நான் வரேன்."

ஒரே ஒரு பிள்ளை முன்னதாகவே எழுந்துவிட்டிருந்தது. மூன்று வயது இருக்கும். தூக்கக் கலக்கத்தோடு மேடைக்கு வந்தது. எக்கி, தட்டின் ஓரத்து டம்ளரில் இரண்டு கையையும் வைத்தது.

அப்போது எனக்குச் சொல் வரவில்லை, அவையோரே. நான் பாய்ந்தேன். தட்டோடு தள்ளிவிட்டேன்! ஒன்று தவிர இருபது டம்ளரும் தரையில் உருண்டு உருண்டு எழுப்பிய சத்தம் இருக்கிறதே! கூடம் முழுக்கப் பிள்ளைகள் எழுந்து வீறிட்டு அழுதன. டீச்சர் என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"பைத்தியமா உனக்கு? பைத்தியமா?"

அந்த அழுகைக்கு மேலே, அந்தச் சத்தத்துக்கு மேலே, என் குரல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

"தண்ணில மருந்து! மோட்டார நிறுத்துங்க! யாரும் குடிக்காதீங்க! தண்ணில மருந்து!"

டீச்சர் என் கையை விட்டார். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்து சொன்னார்: "இந்தக் குழாயில மோட்டார் ஓடுனாத்தான் தண்ணி வரும். இப்பத்தான் பிடிச்சு ஊத்துனேன்." பிறகு அந்த மூன்று வயதைத் தூக்கி, வாயைத் திறக்கச் சொல்லி, முகர்ந்து, "குடிச்சியா? குடிச்சியாடா செல்லம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. சட்டையில் சிந்தியதுதான். சட்டையைக் கழற்றி, நாங்கள் கொண்டு வந்திருந்த தண்ணீரில் கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துப் போய், ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லும் வரை நாங்கள் யாரும் உட்காரவில்லை.

மேடையில் அந்த ஒரு டம்ளர் மட்டும் சாயாமல் நின்றிருந்தது. அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதில் மருந்து இருந்தது. இன்னொரு முறை சொல்கிறேன்: பிள்ளைகள் குடிக்கப் பிடித்து வைத்த டம்ளரில் நாம் அடித்த மருந்து இருந்தது!

அன்று மாலையே மாமா உரிமம் தரும் அலுவலகத்துக்கு நடந்ததைத் தன் கைப்பட எழுதிக்கொடுத்தார். யாரும் கேட்கும் முன்பே எழுதினார். தொட்டியை இறைத்து, தேய்த்து, மூன்று முறை பரிசோதித்து, சுத்தம் என்று தாள் வந்த பிறகே பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பினார்கள். மாமாவின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது என் கணக்கு.

பதினொன்று வரை எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனது பதினொன்று. பதினொன்றில் எனக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்றுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இருப்பது எட்டு லிட்டர். இரண்டு நிமிடம். அந்த எட்டு லிட்டரைத் தொட்டியில் ஊற்றியது பம்ப் இல்லை, கம்பி இல்லை, மாமா இல்லை. என் வெட்கம் ஊற்றியது. என் பயம் ஊற்றியது. "நமக்கென்ன தெரியும்" என்ற நினைப்பு ஊற்றியது.

மாமா இதை ஒப்புக்கொள்வதில்லை. "அந்த எட்டு லிட்டர் உன்னுது இல்ல. தொடாதேன்னு சொல்லி வச்சவன் நானு. அது என்னுது" என்கிறார். "இல்ல மாமா, என்னுது" என்கிறேன். இன்று காலை இங்கே வரும் வழியில்கூடச் சண்டை. கடைசியில் அவர் சொன்னார்: "சரி, மேடையில ஏறி நடந்தத நடந்தபடி சொல்லு. என்னையும் விட்டுடாத. அது யாரோடதுன்னு அவங்க சொல்லட்டும்."

சொல்லுங்கள்! அந்த எட்டு லிட்டர் யாருடையது?

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். உங்களுக்கும் வாய் வரவில்லை, இல்லையா? இப்படித்தான் எனக்கும் வரவில்லை.

பம்பருகில் உட்கார்ந்திருப்பவர் யார்? குழுவிலேயே சின்னவர், புதியவர், வாய் இல்லாதவர். ஆனால் அளவு யார் கண்ணில் தெரிகிறது? அவர் கண்ணில்! சத்தம் யார் காதில் விழுகிறது? அவர் காதில்! கண்டவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, காணாதவர் கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டு, நாம் பாதுகாப்பைப் பற்றி மேடை போட்டுப் பேசினால் பயன் என்ன? குழாயில் அழுத்தம் நிற்கும் என்கிறீர்களா? அழுத்தத்தை இறக்கிவிடும் வால்வைப் பொருத்துங்கள். பம்ப் நின்றால் கம்பியை உருவாமல் அப்படியே பிடித்து நில்லுங்கள் என்று பழக்குங்கள். தெரியாமல் நிறுத்திவிடுவார்கள் என்கிறீர்களா? நிறுத்தட்டும்! பத்து முறை வீணாக நிற்கட்டும். பதினோராவது முறை ஒரு தட்டில் இருபத்தொரு டம்ளர் இருக்கும்.

துளை போடும் முன்னால், எச்சரிக்கைப் பலகை வைக்கும் முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கதவைத் தட்டுங்கள். "உங்க தண்ணி எங்க இருக்கு?" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தொட்டி எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் போகிறது என்று அளந்து பாருங்கள். மூன்று லிட்டர் குடித்தும் எதிர்த்து வராத துளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

என்னைப்போல் வாய் வராதவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓரத்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்திருப்பீர்கள். அக்கா, அண்ணா, உங்களிடம் கடைசியாக ஒன்று. பேச வராவிட்டால் போகட்டும். கை இருக்கிறது. முதலில் கை பேசட்டும். பொத்தானை அழுத்துங்கள். தட்டைத் தள்ளிவிடுங்கள். பிள்ளைகள் அழட்டும், அழுகிற பிள்ளை உயிரோடு இருக்கிற பிள்ளை! குரல் பின்னால் தானாக வரும். எனக்கு வந்ததே!

இப்போது அவைத்தலைவர் ஐயா தீர்மானத்தை எடுத்துக்கொள்வார். ஐயா, ஒரு வேண்டுகோள். உரிமம் வைத்திருப்பவர்கள் மட்டும் கை தூக்குவது இதுவரை வழக்கம். இந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் பம்பருகில் உட்காருகிறவர்களையும் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். வேறு யாரும் வாய் திறக்காவிட்டாலும் ஒரு குரல் கட்டாயம் வரும்.

இவ்வளவு நேரம் டிரில்லை நிறுத்திவைத்து, காதுமூடியைக் கழற்றிவைத்து என்னைக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. என்னை ஓடச் சொன்ன மாமாவுக்கு நன்றி. ஒரு டம்ளரையும் உதடுவரை கொண்டுபோகாத அந்த மூன்று வயதுக்கு என் வணக்கம். நீங்கள் போகிற வீடுகளில் எல்லாம் தண்ணீர் தண்ணீராகவே இருக்கட்டும்.

கடைசி வரிசை அண்ணா, இப்போது கேட்கிறதா?

கேட்கிறதென்றால் சரி. ஐயா, பதிவேட்டைத் திறவுங்கள். என் பெயரைக் கூப்பிடுங்கள்.

உள்ளேன் ஐயா!